அண்ணன் கொடுத்த புகார்

1

போன மாதம் எங்கள் ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்த நர்சுகளுக்கு ஒரு மணி நேரம் வகுப்பெடுக்கச் சொன்னார்கள். சுவரில் ஒட்டியிருக்கும் எட்டுக் கொள்கைகளை வார்டில் எப்படிக் கடைப்பிடிப்பது என்பதுதான் பாடம். நான் திண்டுக்கல்காரி, பெயர் செலின். தென்னாப்பிரிக்காவில், டர்பனிலிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருக்கும் ஓர் அரசு மனநல ஆஸ்பத்திரியில் பதினேழு வருஷமாக நர்சாக இருக்கிறேன்.

இந்த நாட்டில் எந்த அரசு அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் அந்த எட்டையும் பார்க்கலாம். மக்களைக் கேட்டு முடிவெடு, மரியாதையாகப் பேசு, விவரம் சொல், எதையும் ஒளிக்காதே, தவறு நடந்துவிட்டால் மன்னிப்புக் கேட்டுச் சரிசெய் என்று போகும். தபால் நிலையத்துக்கும் அடையாள அட்டை கொடுக்கும் இடத்துக்கும் பொருந்துகிற மாதிரி எழுதியது. எங்கள் வார்டில் கண்ணாடியும் ஆணியும் கூடாது என்பதால் பிளாஸ்டிக் உறை போட்டுப் பசையால் ஒட்டியிருக்கிறோம்.

பக்கத்திலேயே புகார்ப் பெட்டி. வருஷத்துக்கு ஒருமுறை தணிக்கைக்கு வருகிறவர்கள் பெட்டி இருக்கிறதா, காகிதம் இருக்கிறதா என்று பார்த்துக் கட்டத்தில் டிக் போடுவார்கள். பல வருஷம் அந்தப் பெட்டியில் ஒரு புகாரும் விழுந்ததில்லை. "புகார் இல்லை" என்று எழுதி, பாராட்டிவிட்டுப் போவார்கள். காரணம் ரொம்பச் சாதாரணமானது. கூர்மையான எதையும் வார்டுக்குள் விடமாட்டோம் என்பதால் பேனாவும் பென்சிலும் நோயாளிகளுக்குக் கிடையாது. எதை வைத்து எழுதுவார்கள்? இது எனக்கு உறைக்கவே பதினைந்து வருஷம் ஆனது. பிறகு குழந்தைகள் வரைகிற மெழுகு வண்ணக்குச்சிகளை வாங்கி வைத்தேன். முதல் புகார் பச்சை நிறத்தில் வந்தது: "என் கம்பளிச் சட்டையை வேறு யாரோ போட்டிருக்கிறார்கள்."

வகுப்பில் ஒரு பெண் கை தூக்கினாள். "புத்தி தெளிவில்லாத நேரத்தில் ஒருவர் புகார் சொன்னால், அது உண்மையா பொய்யா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?"

நல்ல கேள்வி. அதற்கு என்னிடம் இருந்த பதிலை நான் இந்த ஆஸ்பத்திரியில் படிக்கவில்லை. திண்டுக்கல்லில்தான் படித்தேன், அதுவும் ஒரு புகாரில் நானே மாட்டிக்கொண்டபோது. அன்று வகுப்பில் பாதிதான் சொன்னேன். மீதியை உங்களுக்கு எழுதுகிறேன்.

2

அதற்கு முன் இங்கே நான் பட்ட ஓர் அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன்.

வந்த புதிதில் ஜூலு மொழியில் வணக்கம் சொல்லக் கற்றுக்கொண்டேன். 'சவுபோனா' என்று சொன்னால் போதும் என்று நினைத்தேன். எழுபது வயது நோயாளி ஒருவரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உடன் வேலை பார்க்கும் நொம்சா என்னைத் தனியாக அழைத்தாள்.

"பெரியவர்களிடம் 'சனிபோனானி' என்று பன்மையில் சொல்ல வேண்டும். உங்கள் மொழியில் அந்த வழக்கம் இல்லையா?"

நீ, நீங்கள் என்று பேசி வளர்ந்தவள் நான். 

எங்கள் வார்டில் மூட்லி என்று ஒருவர் இருந்தார். முதலியார் என்பது நாலைந்து தலைமுறையில் இங்கே அப்படித் தேய்ந்துவிட்டது. தமிழ்ப் பெயர், தமிழ் மூக்கு, ஆனால் ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. வண்ணக்குச்சியில் அவர் எழுதிய புகார் இது: "மேலதிகாரிகள் வரும் நாளில் மட்டும் நான் மிஸ்டர் மூட்லி. மற்ற நாட்களில் வெறும் மூட்லி." அது என் கண்ணில் படாமலே எத்தனை நாள் நடந்திருக்கும் என்று யோசித்தேன். நானும் அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறேன்.

3

இரண்டு வருஷத்துக்கு முன், தவக்காலத்தில், லூர்து மதினி போன் செய்தார். என் அண்ணன் சேவியரின் மனைவி. அண்ணன் திண்டுக்கல்லில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகியிருந்தது.

"செலினு, ஒங்கண்ணன் கிணறு அளக்குறாரு."

எனக்குப் புரியவில்லை.

"பத்து நாளா அதான் வேல. விடியுமுன்ன ஸ்கூட்டர எடுத்துக்கிட்டு சாணார்பட்டிப் பக்கம் போயிர்றாரு. ஊரு ஊராப் போயி ஒவ்வொரு கிணத்துலயும் கல்லு கட்டுன கயித்த விட்டு, தண்ணி எம்புட்டு இருக்குன்னு எழுதுறாரு. தூக்கம் கிடையாது, சாப்பாடு கிடையாது. கேட்டா, இந்தச் சீமைக்கே தண்ணி வர ஒரு கணக்கு இருக்கு, எனக்கு மட்டுந்தான் தெரியுங்குறாரு. நேத்து கயிறு பத்தலன்னு கிணத்துக்குள்ளயே எறங்கிட்டாராம். படியில்லாத கிணறு. தோட்டத்துக்காரங்க தூக்கி விட்டு, போன் போட்டு வையிறாங்க."

இருபத்தேழு வயதில் அவருக்கு ஒருமுறை இப்படி வந்திருக்கிறது. அப்போது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். 'அண்ணனுக்குக் காய்ச்சல்' என்று எனக்குச் சொன்னார்கள். பின்னாளில் நர்சிங் படித்தபோதுதான் அந்தக் காய்ச்சலுக்கு வேறு பெயர் உண்டென்று தெரிந்தது. பித்தேறிய உற்சாகம் ஒரு பக்கம், இருண்ட சோர்வு மறு பக்கம் என்று மாறி வரும் நோய். முப்பது வருஷத்துக்கு மேல் அமைதியாக இருந்துவிட்டுத் திரும்பி வந்திருந்தது.

விடுப்பு வாங்கிக்கொண்டு கிளம்பினேன். மதுரையில் இறங்கி வாடகைக் காரில் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது காலை பதினொரு மணி. அண்ணன் முன்னறையில் தரை முழுக்கக் காகிதங்களைப் பரப்பி உட்கார்ந்திருந்தார். முகம் வற்றிப்போயிருந்தது. கைகளில் கயிறு அறுத்த தடங்கள்.

"வா செலினு. எழுபத்தாறு கிணறு முடிஞ்சிருச்சு. அம்புட்டும் இந்த நோட்டுல இருக்கு" என்றார். நான் எப்போது வந்தேன், எப்படி வந்தேன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

4

அன்று நான் செய்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

நோயாளியிடம் விவரத்தைச் சொல், எதையும் ஒளிக்காதே என்று அயல்நாட்டில் வகுப்பெடுக்கிறவள் நான். என் அண்ணனிடம், "அண்ணே, உனக்கு உடம்பு சரியில்ல, தூங்காம ஓடுற, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்று ஒருமுறைகூடச் சொல்லிப் பார்க்கவில்லை. மதினியைச் சமையல்கட்டுக்குள் கூப்பிட்டு அரை நிமிஷத்தில் முடிவு செய்தேன். பிறகு வெளியே வந்து சொன்னேன்.

"அண்ணே, நான் வர்றதுக்கு முன்னாடியே ஆஸ்பத்திரியில பேசிட்டேன். அங்க பெரிய டாக்டர் ஒருத்தரு உன் கிணத்துக் கணக்கப் பாக்கணுங்குறாரு. அவருக்குக் கலெக்டர நல்லாத் தெரியுமாம்."

அண்ணன் எழுந்து நின்றார். "நெசமாவா?"

"நெசமாத்தான்."

அவர் குளித்தார். பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குப் போடும் வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். தலையை வாரினார். நோட்டைப் பையில் வைத்து மடியில் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் வந்தார். வழியெல்லாம் டாக்டரிடம் எதை முதலில் காட்டுவது என்று என்னிடம் யோசனை கேட்டார். நானும் யோசனை சொன்னேன்.

அரசு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் டாக்டர் வெளி நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் உள்ளே போனதும் நோட்டை மேஜைமேல் விரித்துச் சொல்ல ஆரம்பித்தார். டாக்டர் இரண்டு பக்கம் கேட்டார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை அண்ணனும் பார்த்தார். பேச்சு நின்றுவிட்டது.

"என்னைய எதுக்குக் கூட்டிட்டு வந்த?" என்று கேட்டார்.

நான் நோட்டை மூடி என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அதைப் பார்த்தால் இன்னும் உற்சாகம் ஏறும் என்று எனக்கு நானே ஒரு மருத்துவக் காரணம் சொல்லிக்கொண்டேன். அன்றே அண்ணனை வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். படிவத்தில் மதினி கையெழுத்துப் போட்டார்.

5

அதற்கப்புறம் பத்து நாள் அண்ணன் என்னிடம் பேசவில்லை. மதினி கொண்டுபோகும் சாப்பாட்டைச் சாப்பிடுவார். நான் கொண்டுபோனால் அப்படியே இருக்கும். மருந்து வேலை செய்தது, தூக்கம் வந்தது, கைத் தடங்கள் ஆறின. நான் வாசல் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து வார்டை வேடிக்கை பார்த்தேன்.

அங்கே தாஜுன்னிசா என்று ஒரு நர்ஸ் இருந்தார். பேகம்பூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர், நாற்பது வயது இருக்கும். காலையில் வந்ததும் ஒரு நீள நோட்டை எடுத்துக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போவார். "வணக்கங்க, இன்னைக்கு எதுவும் சொல்லணுமா?" என்று கேட்பார். சொன்னதை எழுதுவார், எழுதியதைத் திருப்பிப் படித்துக் காட்டுவார். "சரியா எழுதிருக்கேனா?" என்பார். ஒருவர் தன் காதுக்குள் ரேடியோ பாடுகிறது, அதை நிறுத்த வேண்டும் என்றார். அதையும் எழுதினார். இன்னொருவர் சாம்பாரில் உப்பில்லை என்றார். அதுவும் அடுத்த வரியில்.

எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. ஒருநாள் அவரிடம் போய், என் வேலையைச் சொல்லிவிட்டு, இதை எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன்.

"எங்கயும் படிக்கலக்கா. எழுதிட்டோம்னா அவுங்க அதையே நாள் பூராச் சொல்லிக்கிட்டுத் திரிய மாட்டாங்க. எனக்கும் வேல மிச்சம்."

"ரேடியோ பாடுதுங்குறாரே, அத எழுதி என்ன பண்ணுவீங்க?"

"டாக்டர் ரவுண்ட்ஸ் வர்றப்ப படிச்சுக் காட்டுவேன். மாத்திரைய மாத்துவாரு. உப்புன்னா சமையக்கட்டுல சொல்லுவேன். ரெண்டும் அவுங்களுக்குக் கஷ்டந்தானக்கா. எது நெசம்னு நான் எதுக்குப் பிரிக்கணும்?"

பதினைந்து வருஷமாக ஒட்டிய கொள்கை அட்டைகளை எல்லாம் நினைத்துக்கொண்டேன்.

பத்தாம் நாள் காலை தாஜுன்னிசா என்னிடம் வந்தார். முகத்தில் கொஞ்சம் தயக்கம்.

"அக்கா, உங்கமேல ஒரு புகார் வந்திருக்கு."

"எம்மேலயா?"

"சார் குடுத்திருக்காரு. படிக்கவா?"

நோட்டைப் பிரித்துப் படித்தார். 'என் தங்கை செலின் என்னிடம் பொய் சொல்லி அழைத்து வந்தாள். என் நோட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.' அவ்வளவுதான். கணக்கு வாத்தியார் கொடுத்த புகார், ஒரு வார்த்தை கூடுதல் இல்லை.

"என்ன வேணும்னு கேட்டேன். நோட்டு வேணுமாம். அப்பறம் நீங்க வந்து, என்ன பொய் சொன்னீங்களோ அத அவருகிட்ட உங்க வாயால சொல்லணுமாம்."

எனக்குக் கோபம் வந்தது. கடல் தாண்டி ஓடி வந்தவள் நான். கிணற்றில் விழுந்து சாகாமல் காப்பாற்றியிருக்கிறேன். அந்தப் பொய் இல்லாவிட்டால் அவர் இந்தக் கட்டிலில் இருப்பாரா? இதையெல்லாம் தாஜுன்னிசாவிடம் சொன்னேன்.

"இருக்கலாங்க்கா" என்றார். "ஆனா அவரு எழுதச் சொன்னது இது ரெண்டுந்தான்."

6

மறுநாள் நோட்டோடு போனேன். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நோட்டைக் கொடுத்தேன். வாங்கி, பக்கம் குறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தலையணைக்குக் கீழே வைத்தார்.

"சொல்லு."

"டாக்டர் உன் கிணத்துக் கணக்கப் பாக்கணுங்குறாருன்னு சொன்னேன்."

"அவரு கேட்டாரா?"

"இல்ல."

"கலெக்டரத் தெரியும்னது?"

"அதுவும் பொய்தாண்ணே."

"ஏன் சொன்ன?"

"நெசத்தச் சொன்னா நீ வரமாட்டன்னு பயந்தேன்."

"சொல்லிப் பாத்தியா?"

"இல்ல."



"சொல்லிருந்தா வந்திருப்பேனா மாட்டேனான்னு எனக்கே தெரியல. வராமக்கூடப் போயிருப்பேன். அத விடு. நான் வெள்ளச் சட்டயப் போட்டுக்கிட்டுல்ல வந்தேன் செலினு."

 நான் மன்னிப்புக் கேட்டேன். வேலையில் எத்தனையோ முறை மன்னிப்புக் கடிதம் எழுதியிருக்கிறேன், அதற்கென்று அச்சடித்த படிவமே உண்டு. அன்று வாயில் வந்ததில் அந்தப் படிவத்து வார்த்தை ஒன்றுகூட இல்லை. தாஜுன்னிசா தள்ளி நின்று பார்த்துவிட்டு, நோட்டில் ஏதோ எழுதி அண்ணனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

அன்று மதியம் நான் கொண்டுபோன சோற்றை அண்ணன் சாப்பிட்டார். தொட்டுக்கொள்ள வெஞ்சனம் போதவில்லை என்றார்.

7

வீட்டுக்கு அனுப்புவதற்கு முந்தின நாள் டாக்டர் ஒரு தாளைப் பற்றிச் சொன்னார். மறுபடி உடம்பு மோசமானால், தன் சார்பில் யார் பேச வேண்டும் என்பதை நோயாளி தெளிவாக இருக்கும்போதே எழுதிக் கொடுக்கலாம். நம் நாட்டுச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. அது எனக்குத் தெரியாமல் இருந்தது எனக்கே ஆச்சரியம். என்னைத்தான் போடுவார் என்று நினைத்தேன். குடும்பத்தில் இந்த வேலை தெரிந்தவள் நான் ஒருத்திதானே.

"யாரு பேரு சார்?" என்று தாஜுன்னிசா கேட்டார்.

"லூர்து."

என் முகம் மாறியதை அண்ணன் கவனித்திருக்க வேண்டும். டாக்டர் அறையிலிருந்து வெளியே வரும்போது என் பக்கம் நடந்து வந்தார்.

"உன் பேர விட்டது நீ தூரத்துல இருக்கங்குறதுக்காக இல்ல. பயந்தா நீ பொய் சொல்லிருவ. லூர்து பயந்தா அழுவா. அழுகுறவளோட நான் பேசிக்கிருவேன்."

எனக்கு வலித்தது. ஆனால் அவர் சொன்னது சரியென்று அப்போதே தெரிந்தது.

8

திரும்பி வந்த பிறகு எங்கள் வார்டிலும் ஒரு நீள நோட்டு வைத்தேன். காலையில் கேட்பது, எழுதுவது, படித்துக் காட்டுவது, என்ன வேண்டும் என்று கேட்பது. மூன்றே மாதத்தில் புகார்கள் குவிந்தன. தணிக்கையில் ஆஸ்பத்திரியிலேயே மோசமான வார்டு எங்களுடையது என்று எழுதிவிட்டார்கள். விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது, நான் விளக்கம் எழுதினேன், அதற்கு விளக்கம் கேட்டு இன்னொரு கடிதம் வந்தது. நொம்சா, "முன்பு பெட்டி காலியாக இருந்தபோது யாரும் விளக்கம் கேட்கவில்லையே" என்று சிரித்தாள்.

என் மகள் ரியாவுக்குப் பதினைந்து வயது. இங்கேயே பிறந்தவள். அவளுடைய தமிழ் சினிமாவில் பொறுக்கியது. நடந்ததை அவளிடம் சொன்னபோது, "மாமாவுக்கு என்ன வியாதி? தமிழில் அதற்கு என்ன பேர்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். எனக்குப் பேச்சில் புழங்குகிற ஒரு நல்ல சொல் கிடைக்கவில்லை. புத்தகச் சொல் ஒன்றைச் சொன்னேன். அவள் வாயில் அது நுழையவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அண்ணன் வந்ததும், தனக்குத் தெரிந்த ஒரே சொல்லை வைத்துக் கேட்டுவிட்டாள்.

"மாமா, நீங்க பைத்தியமா இருந்தீங்களா?"

நான் போனைப் பிடுங்கப் போனேன். அண்ணன் சிரித்துவிட்டார்.

"ஆமா கண்ணு. பன்னெண்டு நாள். இப்பத் தேவலாம்."

"எப்படி இருந்துச்சு?"

அவரிடம் அதுவரை யாரும் அப்படிக் கேட்டிருக்கவில்லை. நானும் கேட்டதில்லை. தூக்கம் எத்தனை மணி நேரம், மாத்திரை போட்டாயா என்றுதான் கேட்டிருக்கிறேன். அண்ணன் அரை மணி நேரம் அவளுக்குச் சொன்னார். எல்லாக் கிணறும் தரைக்குக் கீழே ஒன்றோடொன்று பேசிக்கொள்வது தனக்குக் கேட்டதாகச் சொன்னார். அது சந்தோஷமாகவும் இருந்தது, தாங்க முடியாமலும் இருந்தது என்றார். ரியாவுக்குப் பாதி வார்த்தை புரியவில்லை. நடுநடுவே என்னைப் பார்ப்பாள், நான் மொழிபெயர்ப்பேன். என் அண்ணனைப் பற்றி அன்றுதான் நிறையத் தெரிந்துகொண்டேன்.

9

போன செவ்வாய்க்கிழமை நான் வேலையில் இருந்தபோது அண்ணன் போன் செய்தார். இங்கே காலை ஏழு, அங்கே பத்தரை.

"செலினு, மூணு நாளாத் தூக்கம் சரியில்ல. மறுபடி என்னமோ ஓடுற மாதிரி இருக்கு. ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கேன்."

"யாரு கூட்டிட்டு வந்தா?"

"நானேதான் வந்தேன். லூர்து கூட வந்திருக்கா. வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கோம். நல்ல கூட்டம்."

என் வாயில் ஏழெட்டுக் கேள்விகள் வரிசை கட்டி நின்றன. எந்த மாத்திரை, என்ன அளவு, ரத்தப் பரிசோதனை எப்போது, நான் டாக்டரிடம் பேசட்டுமா. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டேன்.

"அண்ணே, நான் என்ன செய்யணும்?"

அவர் யோசித்தார்.

"ஒண்ணும் செய்ய வேணாம். செத்த நேரம் லைன்ல இரு."

இருந்தேன். வார்டு வராந்தாவில் ஓரமாக நின்றுகொண்டேன். போனில் அந்தப் பக்கத்துச் சத்தங்கள் வந்துகொண்டிருந்தன. யாரோ இருமினார்கள். டீ வேண்டுமா என்று ஒருவர் கேட்டுக்கொண்டே போனார். மதினி யாரிடமோ ஊர்ப் பேச்சு பேசிக்கொண்டிருந்தார். ஒரு குழந்தை அழுது ஓய்ந்தது. நொம்சா என்னைத் தேடி வந்து, காதில் போனைப் பார்த்துவிட்டு, என் கையிலிருந்த நீள நோட்டை வாங்கிக்கொண்டு கட்டில்களைப் பார்க்கப் போனாள்.

இருபது நிமிஷம் கழித்து அங்கே ஒரு பெண் குரல் கேட்டது. "சேவியர் சார், உள்ள வாங்க."

"கூப்புடுறாங்க. வச்சிரட்டுமா?" என்றார் அண்ணன்.

"சரிண்ணே."

ஆனால் அவர் உடனே வைக்கவில்லை. பெஞ்சிலிருந்து எழும் சத்தமும் நாலைந்து எட்டு நடக்கும் சத்தமும் கேட்டன. கதவு திறந்தது. "வணக்கம் டாக்டர், எனக்குத் தூக்கம் வரல, அதான் வந்தேன்" என்று என் அண்ணன் சொல்வதைக் கேட்டேன். பிறகுதான் போன் நின்றது.